தப்பு செய்யும் உரிமை ஆம்பூரில் யாருக்கு?

வேலூர் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான். கோடையில் நாற்பது டிகிரியை அலட்டிக்கொள்ளாமல் தாண்டும் ஊர் அது. இருந்தாலும் அங்கேயும் கம்பளி நூல் விற்கிறது, ஊசி விற்கிறது, யூடியூபைப் பார்த்து மப்ளர் பின்னுகிறவர்களும் இருக்கிறார்கள். குளிருக்காக இல்லை, ஆசைக்காக! பொழுதுபோக்கு என்றால் அப்படித்தான். அதில் யாருக்கும் எந்தத் தப்பும் தெரியப் போவதில்லை.

பின்னல் கற்க ஆரம்பிப்பவருக்கு எல்லாரும் சொல்லும் முதல் புத்திமதி ஒன்றுதான். தப்பு வந்தால் பயப்படாதே, பிரித்துவிட்டுத் திரும்பப் பின்னு. கண்ணி ஒன்று ஊசியிலிருந்து நழுவி ஏணிப்படி மாதிரி கீழே இறங்கிக்கொண்டே போகும். ஒரு கொக்கி ஊசியால் படிப்படியாக அதை மேலே ஏற்றிவிடலாம். நூலை ஒரு வரிசையில் இறுக்கியும் அடுத்ததில் தளர்த்தியும் பிடித்திருந்தால் துணி அலையலையாக வரும். பிரித்தால் போயிற்று, நூல் நூலாகவே கைக்குத் திரும்பி வந்துவிடும். சட்டை அளவு சரியாக வரவேண்டும் என்றால் முதலில் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதில் எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்த்த அவசரக்காரர்கள் எல்லாம், தனக்கென்று ஆரம்பித்த ஸ்வெட்டரைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்த கதை வைத்திருப்பார்கள்.

பழகினவர்கள் இன்னொரு வித்தையும் செய்வார்கள். கஷ்டமான டிசைனுக்குள் இறங்குவதற்கு முன், சரியாக முடிந்த வரிசையின் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிற நூல் ஒன்றை ஓட்டிவைப்பார்கள். மேலே என்ன குளறுபடி நடந்தாலும் அந்த நூல் வரைக்கும்தான் பிரியும், அதற்குக் கீழே போகாது. இதற்கு லைஃப்லைன் என்று பெயர். அந்த நூல் இருக்கிற தைரியத்தில்தான் புது உத்திகளை முயன்று பார்க்கிறார்கள். எலிசபெத் ஸிம்மர்மன் என்ற பின்னல் ஆசிரியை 1971-ல் வெளியிட்ட புத்தகத்தின் பெயரே 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்', அதாவது கண்ணீர் இல்லாத பின்னல்.

தமிழ்நாட்டு வீடுகளில் இதற்குச் சமமானது ஒயர் கூடை. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுக்கு முடிச்சு பெயர் உண்டு. முதல் கூடை கோணலாகத்தான் வரும். அடியில் ஒரு ஒயரை எண்ணாமல் விட்டால் மேலே போகப்போகக் கூடை ஒருபக்கமாகச் சாயும். அவிழ்த்துவிட்டு மறுபடி போடுவார்கள். நாலாவது கூடையில் கை பழகிவிடும். இதிலும் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இதையெல்லாம் வைத்துத்தான் 'தவறுகளே ஆசான்' என்ற தத்துவம் ஊரெல்லாம் விற்கப்படுகிறது. பள்ளிக்கூடச் சுவரில் எழுதுகிறார்கள், சுயமுன்னேற்றப் புத்தகத்தில் அச்சடிக்கிறார்கள், கம்பெனிகளின் பயிற்சி வகுப்பில் புரொஜெக்டர் போட்டுக் காட்டுகிறார்கள். எடிசன் பல்பு எரிவதற்கு முன் எத்தனை ஆயிரம் முறை தோற்றார் என்ற கதை இல்லாமல் அந்த வகுப்பு முடியாது. 1878-ல் எடிசனின் மின்விளக்குக் கம்பெனி ஆரம்பித்தபோது அதில் பணம் போட்டவர்களில் ஜே.பி. மார்கன் தரப்பும் உண்டு என்பதை மட்டும் அந்த வகுப்பில் சொல்ல மாட்டார்கள். எடிசன் தோற்ற ஒவ்வொரு முறையும் செலவு வேறொருவருடையது. சொந்தக் கூலியில் பிடித்திருந்தால் எத்தனையாவது முறையோடு அவர் நிறுத்தியிருப்பார்?

இனி அதே வேலூர்ப் பக்கத்தில் இன்னொரு திண்ணைக்குப் போகலாம்.

வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம்... தோல் பெல்ட் என்று சொல்லப்படும் ஊர்கள் இவை. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன, ராணிப்பேட்டை தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் தோல் என்னவோ இன்றும் ஒரே தோல்தான். தோல் ஷாப்பில் பதனிட்ட தோல் ஷூ கம்பெனிக்கு வருகிறது, அங்கே ஷூவாகிறது, கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. இதில் எல்லா வேலையும் கம்பெனிக்குள்ளேயே நடப்பதில்லை. மொக்காசின் மாதிரியான ஷூக்களின் மேல்பாகத்தை, அதாவது அப்பரை, கையால்தான் தைக்க வேண்டும். மெஷின் தையலில் அந்தச் சுருக்கு வராது. வெட்டின தோலை ஏஜென்ட் கட்டுக்கட்டாக வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் தெருக்களிலும் பெண்கள் உட்கார்ந்து தைப்பார்கள். இவர்களில் தலித் பெண்களும் முஸ்லிம் பெண்களும் அதிகம். தைத்து முடித்ததை ஏஜென்ட் வந்து எண்ணி எடுத்துக்கொண்டு போவார். கூலி ஜோடிக் கணக்கில்.

பார்வைக்கு இதுவும் பின்னல் மாதிரிதான். கையில் ஊசி, மடியில் பாதி முடிந்த வேலை, பக்கத்தில் பேச்சுத்துணை, நடுநடுவே அடுப்பில் ஒரு கண். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நூல் ஓடவேண்டும், ஒவ்வொரு தையலையும் ஒரே அளவு இழுப்பில் இறுக்க வேண்டும். அப்போதுதான் முன்பக்கத்தில் அந்தச் சுருக்குகள் வரிசையாக, சமமாக விழும். இடதுகால் ஷூவிலும் வலதுகால் ஷூவிலும் ஒரே மாதிரி விழவேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் வாய் திறந்துகொள்ளும். கொஞ்சம் அதிகமாக இழுத்தால் துளை கிழிந்துவிடும்.

வித்தியாசம் அந்தத் துளையில்தான் இருக்கிறது. கம்பளி நூலைப் பிரித்தால் கண்ணி மறைந்துவிடும். தோலில் விழுந்த துளை மறையாது. தோல் என்பது நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் வலை. உயிருள்ள மாட்டின் உடம்பில் காயம் ஆறும், பதனிட்ட தோலில் ஆறாது. தப்பான இடத்தில் ஊசி இறங்கினாலோ துளை கிழிந்தாலோ அந்தத் துண்டு போனது போனதுதான். நூலை வேண்டுமானால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம், அதற்கும் ஓரளவுதான் தோல் தாங்கும்.

சரி, போன துண்டுக்கு யார் பொறுப்பு? பின்னல் வகுப்பில் கேட்கவே தேவையில்லாத இந்தக் கேள்விதான் ஆம்பூரில் முதல் கேள்வி. கெட்டுப்போனதைக் கூலி இல்லாமல் திரும்பத் தைத்துத் தரச் சொல்வதும், தோல் விலையைக் கூலியில் பிடிப்பதும் இந்த மாதிரி வீட்டுவேலையில் யாரும் கேள்விப்படாத கதையல்ல.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். வீட்டில் ஷூ தைக்கும் பெண்களைப் பற்றி 2016-ல் தொண்டு நிறுவனங்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் வரை பேசப்பட்டது. ஜோடிக்குப் பத்து ரூபாயை ஒட்டிய கூலிதான் அப்போது வெளியே வந்த தகவல். அந்தப் பத்து ரூபாயையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பழகின கை நாளைக்குப் பத்து ஜோடி தைக்கிறது என்றால் நூறு ரூபாய். அடுத்த சீசனுக்குப் புது மாடல் வருகிறது. தையல் வேறு, சுருக்கு வேறு. முதல் சில நாட்கள் கை தடுமாறும், ஐந்து ஜோடிதான் முடியும். கூலி ஐம்பது. மீதி ஐம்பது எங்கே போனது? அதுதான் அந்தப் பெண் கட்டுகிற கல்விக் கட்டணம். ஒரு ஜோடி கெட்டு, தோலுக்கென்று முந்நூறு ரூபாய் பிடித்தால் ஆறு நாள் கூலி காலி. பின்னலில் புது உத்தி என்றால் குதூகலம். இங்கே புது மாடல் என்றால் அந்த வாரம் வீட்டில் பட்ஜெட் விழுகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் போய் 'தவறுகளிலிருந்து கற்றுக்கொள்' என்று சொல்வது புத்திமதி ஆகாது, அது கேலி. தவறு எல்லாருக்கும் பாடம் சொல்லித்தருவதில்லை. தவறின் விலையைத் தாங்க முடிந்தவர்களுக்குத்தான் சொல்லித்தருகிறது. மற்றவர்களுக்கு அது தண்டனை மட்டும்தான்.

இதற்குப் பதிலாகச் சிலர் மூன்று வாதங்களைத் தயாராக வைத்திருப்பார்கள்.

முதல் வாதம்: பயம் இருந்தால்தான் கவனம் இருக்கும், காசைப் பிடித்தால்தான் ஒழுங்காகத் தைப்பார்கள்.

அப்படியென்றால் ஸ்வெட்டர் பின்னுகிறவர் ஏன் ஒழுங்காகப் பின்னுகிறார்? அவருக்கு யாரும் அபராதம் போடுவதில்லையே! நாற்பது வரிசைக்குக் கீழே யாருக்கும் தெரியாத ஒரு தப்பான கண்ணிக்காக நாற்பது வரிசையையும் பிரிக்கிற ஆட்கள் உண்டு. பயம் அவர்களைப் பிரிக்க வைக்கவில்லை, பிரிக்க முடியும் என்கிற சுதந்திரம்தான் பிரிக்க வைக்கிறது. பயம் ஒன்றை மட்டும் நிச்சயமாகச் சொல்லித்தரும், அது தப்பை மறைப்பது. தளர்ந்த தையலை மெழுகு போட்டு அமுக்கலாம், கட்டின் நடுவில் செருகி எண்ணிக்கையில் தள்ளிவிடலாம். தைத்த பெண் ஏஜென்ட்டுக்கு மறைப்பார், ஏஜென்ட் கம்பெனிக்கு மறைப்பார். கடைசியில் அது ஜெர்மனியில் ஏதோ ஒரு கடையில் வாய் திறக்கும். ஆம்பூரிலேயே சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் சரியாகியிருக்கும். சொன்னால் காசு போகும் என்று ஆக்கிவைத்துவிட்டு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் எப்படி?

இரண்டாவது வாதம்: இது போட்டித் தொழில், கற்றுக்கொடுக்கிற செலவையெல்லாம் தொழில் தாங்காது.

இதைச் சொல்வதற்கு உண்மையிலேயே துணிச்சல் வேண்டும். ஏனென்றால் தமிழ்நாட்டுத் தோல் தொழில் மாதிரி, தான் கற்றுக்கொண்டதற்கு அடுத்தவரைச் செலவு செய்ய வைத்த தொழில் குறைவு. ஆவாரம் பட்டையில் பதனிட்டுக்கொண்டிருந்த மாகாணத்தில் குரோம் பதனிடலை 1900-களின் தொடக்கத்தில் பரிசோதித்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். கிணற்றுக் கவலையில் தண்ணீர் இறைக்கும் தோல் பை சீக்கிரம் அழுகாமல் இருக்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த நோக்கங்களில் ஒன்று. பரிசோதனைக்கும் வீணான தோலுக்கும் செலவு செய்தது சென்னை மாகாண அரசு. பிறகு தனியார் கம்பெனிகள் வந்தன. குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு குரோம் தோல் கம்பெனியால் வந்ததுதான். 1948-ல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது, மக்கள் பணத்தில். காலணித் தொழில் பயிற்சிக்கென்று கிண்டியில் மத்திய அரசு நிறுவனம் வந்தது, அதுவும் மக்கள் பணத்தில். பச்சைத் தோலையும் அரைகுறையாய்ப் பதனிட்டதையும் அப்படியே ஏற்றுமதி செய்யாதே, முழுசாய் முடித்த சரக்காக அனுப்பு என்று சீதாராமையா கமிட்டி 1972-ல் சொன்ன பிறகு, தொழில் மொத்தமும் புது வேலை கற்க வேண்டியிருந்தது. அதற்கும் அரசு சலுகைகள், மானியங்கள். இவை எதுவும் தப்பில்லை, வரவேற்க வேண்டியதுதான். தொழிற்சாலைக்குக் கற்றுக்கொள்ளக் காலமும் காசும் வேண்டும் என்பது நாடு ஒத்துக்கொண்ட விஷயம். தைக்கிற பெண்ணுக்கும் அதே காலமும் காசும் வேண்டும் என்பதை மட்டும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

இத்தோடு முடியவில்லை. பாலாறு இருக்கிறது. வேலூரைப் பற்றித் தண்ணீரில்லாத ஆறு என்று ஊரே கிண்டலடிக்கும். தண்ணீர் இல்லாததோடு விட்டிருந்தால் தேவலாம், இருந்த நிலத்தடி நீரையும் தோல் கழிவு கெடுத்தது. தோல் பெல்ட்டில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது என்ற ஆய்வை உச்ச நீதிமன்றம் 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பில் எடுத்துச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றியது அந்தத் தீர்ப்பில்தான். நஷ்ட ஈடு கணக்கிடத் தனி ஆணையம் அமைக்கச் சொன்னதோடு, ஒவ்வொரு தோல் ஆலைக்கும் நீதிமன்றம் போட்ட மாசு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்தாயிரம் ரூபாய்! அது போதாமல், ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து 2025 ஜனவரியில், அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு கொடுங்கள் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது.

ஆக, ஒரு ஆற்றைக் கெடுத்தவர்களுக்குக் கற்றுக்கொள்ள முப்பது வருஷம் அவகாசம். ஒரு துளையைக் கெடுத்தவருக்கு சனிக்கிழமை சம்பளம் வரைக்கும்தான்.

மூன்றாவது வாதம்தான் எல்லாவற்றிலும் மோசமானது. அந்தப் பெண்கள் சும்மா இருக்கிற நேரத்தில்தானே தைக்கிறார்கள், அது கைச்செலவுக்கு, ஒரு பொழுதுபோக்கு மாதிரி!

பொழுதுபோக்கு என்ற வார்த்தை எவ்வளவு லாபகரமான வார்த்தை என்பதை மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1982-லேயே எழுதிவிட்டார். ஆந்திராவில் நர்சாபூர் பக்கம் பெண்கள் கொக்கி ஊசியால் லேஸ் பின்னுவார்கள், அது வெளிநாட்டுக்குப் போகும். வியாபாரிகள் அவர்களைத் தொழிலாளி என்று சொல்லவில்லை, ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள் என்றார்கள். இல்லத்தரசி என்று சொன்னதும் கூலிச்சட்டம் இல்லை, வேலை நேரம் இல்லை, சங்கம் இல்லை. ஏற்றுமதி மட்டும் இருந்தது. ஆம்பூர்த் திண்ணையில் நடப்பது அதே கதையின் தோல் பதிப்பு.

பொழுதுபோக்கு எது, வேலை எது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். இரண்டு கேள்வி போதும். இன்றைக்கு வேண்டாம் என்று ஊசியைக் கீழே வைக்க முடியுமா? கெட்டுப்போனால் சிரித்துவிட்டுப் பிரிக்க முடியுமா? இரண்டுக்கும் முடியும் என்றால் பொழுதுபோக்கு. முடியாது என்றால் அது வேலை, அதற்குச் சட்டம் உண்டு.

சட்டம் உண்டுதான். 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே அபராதத்துக்கு வரம்பு இருந்தது. அதன் இடத்தில் 2025 நவம்பரில் அமலுக்கு வந்திருக்கிற ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அபராதம் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. போடுவதற்கு முன் தொழிலாளியை விளக்கம் கேட்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், வசூலான பணத்தைத் தொழிலாளர்களின் நன்மைக்கே செலவு செய்ய வேண்டும். பொருள் சேதத்துக்குப் பிடிப்பது தனி, அதற்கும் தொழிலாளியின் அலட்சியம்தான் காரணம் என்று இருக்க வேண்டும், அவரைக் கேட்காமல் பிடிக்க முடியாது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் திண்ணையில் தைக்கும் பெண்ணிடம் பெரும்பாலும் ஒரு வேலைச் சீட்டுகூடக் கிடையாது. முதலாளி யார் என்று கேட்டால் அவருக்குத் தெரிந்தது ஏஜென்ட் மட்டும்தான். கம்பெனியைக் கேட்டால் ஏஜென்ட்டைக் காட்டும், ஏஜென்ட்டைக் கேட்டால் கம்பெனியைக் காட்டுவார். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களும் மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-வது உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. தமிழ்நாட்டில் காலணி, தோல் தொழிலாளர்களுக்கு ஒரு நல வாரியம் இருக்கிறது. உதவித்தொகைக்கு அது உபயோகப்படும், கெட்டுப்போன ஜோடிக்கு யார் பொறுப்பு என்ற தகராறை அது தீர்க்காது.

செய்ய வேண்டியது என்ன என்பது பின்னல் பழகினவர்களுக்கே தெரியும்.

மாதிரித் துண்டு: புது மாடல் வந்தால் முதல் ஜோடியை நல்ல தோலில் தைக்கச் சொல்லாதே. வெட்டி மிஞ்சின துண்டுத் தோலுக்கு ஆம்பூரில் பஞ்சமா என்ன? அதில் நாலைந்து தைத்துப் பழகட்டும். அந்த நாளுக்குப் பழைய மாடலில் கிடைத்திருக்கும் கூலியைக் கொடு. கம்பெனிக்கு ஒரு சீசனுக்கு ஒரு நாள் கூலி செலவு. கெட்டுப்போகாத தோலில் அது திரும்ப வந்துவிடும்.

லைஃப்லைன்: கூலி ஓர் அளவுக்குக் கீழே பிரியக்கூடாது. எத்தனை ஜோடி கெட்டாலும், புது மாடலில் கை எவ்வளவு தடுமாறினாலும், இதற்குக் கீழே போகாது என்று ஒரு கோடு. குறைந்தபட்சக் கூலி என்று சட்டப் புத்தகத்தில் இருப்பதும் அதுதான். ஜோடிக் கணக்கு என்ற பெயரில் அதை உருவிவிடக்கூடாது.

பதிவு: எத்தனை ஜோடி கொடுத்தது, எத்தனை வாங்கியது, எது ஏன் ரிஜெக்ட் ஆனது என்று இரண்டு பக்கமும் கையில் வைத்திருக்க ஒரு நோட்டு. ஏன் கெட்டது என்று தெரியாவிட்டால் தப்பிலிருந்து யார்தான் கற்றுக்கொள்ள முடியும்? துளை போட்ட மெஷின் தப்பா, மெலிந்த தோலை வெட்டியவர் தப்பா, தைத்தவர் தப்பா என்று பார்க்காமலேயே கடைசியாகத் தொட்ட கையில் பழியைப் போடுகிற வழக்கம் அந்த நோட்டு வந்தால் கொஞ்சமாவது குறையும்.

இதெல்லாம் பெரிய புரட்சி இல்லை. மப்ளர் பின்னுகிற ஒருவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிற சலுகைகள்தான். அதைத் தர முடியாது என்றால் ஒன்று செய்யலாம். பயிற்சி வகுப்பில் எடிசன் கதை சொல்வதையாவது நிறுத்திக்கொள்ளலாம். தப்பு செய்தால் காசைப் பிடிப்போம், கற்றுக்கொள்வது உன் செலவு என்று நேராகவே சுவரில் எழுதிவைக்கட்டும். படிக்கிறவர்களுக்கு வயிறு எரிந்தாலும், எழுதியிருப்பது பொய் இல்லை என்றாவது இருக்கும்.